சஹானா மென்பொருளின் கிளைகளும் சப்பிரகமுவத் தோட்டப் பதிவேடுகளும்

மென்பொருள் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் பெயரையும் அது பரவிய நாடுகளையும் கூறி அமைவர். அது கைவிடப்பட்ட கதையையும், அதன்பின் ஒன்றுக்கொன்று போட்டியாக அதனிலிருந்து கிளைகள் எழுந்த கதையையும் எழுதுவோர் அரியர். இலங்கையிற் பிறந்து உலகின் பல பாகங்களுக்கும் சென்ற மென்பொருள் ஒன்று உண்டு. அனர்த்த காலத்தில் மக்களைப் பதிவு செய்யவும், காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கிடவும் ஆக்கப்பட்ட சஹானா என்பதே அது. சஹானா என்னும் சிங்களச் சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். அம்மென்பொருள் எவ்வாறு கவடுபட்டது, ஒவ்வொரு கவட்டிலும் எது தொடர்ந்தது, எது அறுந்தது என்பவற்றை ஆராய்வதும், அவ்வறுந்த பகுதியை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நின்று நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்களைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. வெள்ளமும் மண்சரிவும் சப்பிரகமுவ மாகாணத்தின் இவ்விரு மாவட்டங்களையும் விட்டு நீங்காதவை. அங்குள்ள லயங்களில் வாழும் மக்களோ, தம் பெயர் யாருடைய பதிவேட்டில் உள்ளது என்னும் கேள்வியோடு நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்தவர்கள். அனர்த்தப் பதிவேடு ஒன்றின் தரத்தை உரைத்துப் பார்ப்பதற்கு இதனிலும் பொருத்தமான களம் இந்நாட்டில் இல்லை என்பது எமது துணிபு.

முதற்கண், மென்பொருளிற் கிளைத்தல் என்பது யாது எனச் சிறிது விளக்குதல் வேண்டும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அத்திட்டத்தின் பொது அனுமதிப்பத்திரம் வெளியாயிற்று. அதன் வழிவந்த அனுமதிப்பத்திரங்களின்படி, ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளின் இயல்பான விளைவாகவே கிளைத்தல் நேர்கின்றது. ஆக்கியோர் பணியை நிறுத்தினாலோ, அவர்தம் போக்கு பிறர்க்கு ஒவ்வாவிடினோ, வேறொரு குழுவினர் மூலநிரலைப் பிரதிசெய்துகொண்டு தம் வழியே செல்லலாம். குனூ தொகுப்பியிலிருந்து 1997இற் பிரிந்து சென்ற கிளை, 1999இல் அதன் அதிகாரபூர்வ வடிவமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2010இல் ஓப்பின்ஒபிஸ் ஆர்வலருட் பலர் பிரிந்து லிப்ரேஒபிஸ் என்னும் கிளையைத் தொடக்கினர். தமிழில் ஆவணம் தட்டச்சுச் செய்வோர் பலர் இன்று அதனை அறிவர். முன்னையது பிரிந்தது கூடிய கதை. பின்னையது பிரிந்தது வாழ, விடப்பட்டது மெலிந்த கதை.

இறப்பர் நாற்றுமேடையைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. விதையிலிருந்து முளைத்த நாற்றின் பட்டையைக் கீறி, தேர்ந்த மரத்தின் மொட்டினை அதில் வைத்துக் கட்டுவர். ஒட்டுப் பிடித்ததும் நாற்றின் மேற்பகுதியை வெட்டிவிடுவர். பின்னர் வளரும் மரம் மேலே தாய்மரத்தின் இயல்புடையது. வேரோ அந்த மண்ணிலேயே முளைத்தது. மொட்டினை எத்தனை தோட்டங்களுக்கும் கொண்டு செல்லலாம். வேரை அவ்வாறு கொண்டு செல்ல இயலாது. மூலநிரல் மொட்டுப் போன்றது. சஹானாவின் வரலாற்றில் வேர் எதுவாக இருந்தது என்பதே நாம் காணவேண்டியது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பல இலட்சம் பேர் வீடிழந்தனர். கொழும்பில் ஜனாதிபதி செயலகத்தின் கீழ்த் தேசிய செயற்பாட்டு நிலையம் ஒன்று அவசரமாக நிறுவப்பட்டது. எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது, எங்கே தண்ணீர் வேண்டும், எங்கே உடுதுணி குவிந்து கிடக்கின்றது என்பவற்றை ஒரே இடத்தில் அறியும் வழி இல்லை. ஒரு முகாமுக்கு மூன்று நிறுவனங்கள் சோற்றுப் பொதி கொண்டுவர, அடுத்த முகாமில் ஒன்றுமில்லாத நிலை அந்நாள்களில் யாவரும் அறிந்தது. அந்நிலையில், சஞ்சீவ வீரவரண முதலியோர் முன்னரே நிறுவியிருந்த லங்கா மென்பொருள் அமையத்தைச் சூழ்ந்து, கொழும்பு மென்பொருள் நிறுவனங்களையும் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த தன்னார்வலர் கூடினர். சில நாள்களுக்குள் அவர்கள் எழுதியதே சஹானாவின் முதல் வடிவம். இரவு பகலாக எழுதப்பட்ட அந்நிரல் அழகியதாக இருந்திருக்க இயலாது. ஆயினும் அது வேலை செய்தது.

அவசரம் தணிந்ததும் தேசிய செயற்பாட்டு நிலையம் சில மாதங்களுக்குள் மூடப்பட்டது. 2005 மே மாதம் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, நிலையான நிறுவனங்கள் தோன்ற வழிபிறந்தது. சஹானாவும் அவ்வாண்டிலேயே இரண்டாம் பிறப்பு எடுத்தது. சுவீடன் நாட்டு உதவி நிறுவனமாகிய சீடாவின் நிதியுடன், கடற்கோளுக்கெனச் செய்த பழைய நிரலை விடுத்து, எந்நாட்டு அனர்த்தத்துக்கும் பொருந்துமாறு பி.எச்.பி. மொழியில் அது புதிதாக எழுதப்பட்டது. சமிந்திர டி சில்வா அதன் முன்னணி நெறியாளராக விளங்கினார். காணாமற்போனோர் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, முகாம் பதிவேடு, கோரிக்கை முகாமைத்துவம் எனத் தனித்தனிக் கூறுகளாக அமைந்தமையால், ஒரு நாடு தனக்கு வேண்டிய கூற்றை மட்டும் எடுத்தாள முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகள் அதன் பெருமைக்குரிய காலம். 2005 ஒக்டோபரிற் பாக்கிஸ்தானை உலுக்கிய பூமியதிர்ச்சியின்போதும், 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சியின்போதும், 2008இற் சீனாவின் சிச்சுவான் மாகாணப் பூமியதிர்ச்சியின்போதும் அது பயன்பட்டது. 2006 பெப்ரவரியிற் பிலிப்பைன்சில் கின்சாகோன் என்னும் கிராமம் முழுவதும் மலைச்சரிவில் அமிழ்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் சஹானா அங்கு சென்றது. மழையில் ஊறிய மலை ஒரு கிராமத்தின்மீது இறங்கிய அந்நிகழ்ச்சி எம் மலைநாட்டார்க்குப் புதியதன்று. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதினைக் கட்டற்ற மென்பொருள் அமையம் சஹானாவுக்கே வழங்கியது. ஓர் இலங்கைத் திட்டம் இவ்வாறு உலகுக்குக் கொடை வழங்குவது அடிக்கடி நிகழ்வதன்று.

கவடு விழுந்தது இதன் பின்னரே. 2009ஆம் ஆண்டளவில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நேர்ந்தன. திட்டம் லங்கா மென்பொருள் அமையத்தின் அணைப்பிலிருந்து விலகி, ஐக்கிய அமெரிக்காவிற் பதிவுசெய்யப்பட்ட சஹானா மென்பொருள் அமையத்தின் பொறுப்பாயிற்று. ஆர்வலரின் வாழிடமும் மாறிற்று, கொழும்பிலுள்ளோர் சிறுபான்மையினராயினர். மூன்றாவதாக, பைதன் மொழியை விரும்பியோர் மாசிமோ டி பியெரோ ஆக்கிய வெப்டூபை என்னும் சட்டகத்தின்மேல் அதே நோக்கங்களை உடைய மென்பொருளை அடியிலிருந்து எழுதத் தொடங்கினர். முதலிற் சஹானாபை என வழங்கிய அது, பின்னர் ஏடன் எனப் பெயர் பெற்றது. பழைய பி.எச்.பி. வழி அகஸ்தி எனப் பெயர் கொண்டது.

பெயர்கள் சற்று வேடிக்கையானவை. அகஸ்தி எனும்போது எமக்கு முனிவரோ கீரையோ நினைவுக்கு வருதல் இயல்பு. அகஸ்தியின் உட்கிளைகளுக்கு எரிமலைப் பெயர்களை இட்டனர். பிலிப்பைன்ஸ் எரிமலையாகிய மாயோனின் பெயர் ஒன்றுக்கு வாய்த்தது. தமிழ் படித்தோர் செவியில் அது முல்லை நிலத்துத் தெய்வமாக ஒலிப்பதைத் தவிர்த்தல் அரிது. மற்றொன்று வெசூவியஸ். மாயோன், நியூயோர்க் மாநகரின் அவசரகால முகாமைத்துவ அலுவலகத்தின் தேவைக்காக, புயற்காலத்தில் மக்களை வெளியேற்றித் தங்கவைக்கும் நிலையங்களையும் அங்கு பணிபுரிவோரையும் ஒழுங்குசெய்ய எழுதப்பட்டது. வெசூவியஸ், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பணியோடு இணைந்து, வைத்தியசாலைக்கு வரும் காயமடைந்தோரையும் அவர்களைத் தேடும் உறவினரையும் சேர்த்துவைக்கும் பணியில் நின்றது.

ஈண்டு ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். இவற்றுள் வெசூவியசையே சரியான பொருளிற் கிளை எனலாம். பழைய நிரலின் வழித்தோன்றல் அது. ஏடன், பெயரையும் நோக்கத்தையும் அமையத்தையும் பங்கிட்டுக்கொண்டதேயன்றிப் பழைய நிரலை ஏற்றதன்று. மொழி வேறு, சட்டகம் வேறு, அனுமதிப்பத்திரமும் வேறு. பழைய சஹானா குனூவின் சிறு பொது அனுமதிப்பத்திரத்தின் கீழ் வெளிவந்தது, ஏடனோ எம்.ஐ.டி. அனுமதிப்பத்திரத்தின் கீழ் வெளிவந்தது. அப்பனுடைய பெயரைச் சூடிக்கொண்டு வேறு வீட்டிற் பிறந்த பிள்ளை என்று கூறின் மிகையாகாது. எனினும் உலகம் எதனைச் சஹானா என அழைத்ததோ அதுவே சஹானா ஆயிற்று. 2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டி பூமியதிர்ச்சியின்போது, நிறுவனங்களையும் வைத்தியசாலைகளையும் பட்டியலிடும் பணிக்குப் பைதன் வழியே முன்னின்றது. அந்நிகழ்ச்சி போட்டியைத் தீர்த்துவிட்டது எனலாம். ஆர்வலர் ஏடன் பக்கம் சென்றனர். ஆசிய பசுபிக் செஞ்சிலுவைச் சங்கங்களும் அதனைக் கையாண்டன. அகஸ்தி வழி படிப்படியாக ஓய்ந்தது. கொழும்பில் எழுதப்பட்ட வரிகள் பொதுக் களஞ்சியத்தில் எவரும் எடுத்தாளத்தக்கவாறு கிடந்தன, எடுத்தாளத்தான் ஆளில்லை.

இதனைச் சிலர் வளர்ச்சி என்பர். அனுமதிப்பத்திரத்தின் கண்கொண்டு நோக்கின் அவர் கூற்றில் தவறில்லை. எவரும் எவரையும் தடுக்கவில்லை. எவர் சொத்தும் பறிபோகவில்லை. மலைநாட்டுத் தொழிற்சங்க வரலாற்றோடு ஒப்பிடின் இதன் மென்மை புலப்படும். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரசின் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், 1956இல் தொண்டமான், அஸீஸ் ஆகியோரின் பிணக்கால் உடைந்து, அஸீசின் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிரிந்தது. 1965இல் வெள்ளையன் தலைமையில் தொழிலாளர் தேசிய சங்கம் பிரிந்தது. சங்கம் உடையும்போது அங்கத்தவர் ஒருவர் இரு பக்கமும் இருத்தல் இயலாது. சந்தாப் பணமும் பங்கு போகும். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு சங்கமும் தம்பி ஒரு சங்கமுமாக முகம் பாராதிருந்த கதைகள் மலைநாட்டிற் பல. மென்பொருளிலோ இரு பக்கத்தாரும் முழுமையையும் எடுத்துச் செல்கின்றனர்.

முழுமையையும் என்றோம். அது உண்மையா? ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராயலாம். திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்றொடர் ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ்த் தொடரை எழுதிய கோப்பு ஒன்று இருந்தாலன்றி மென்பொருள் தமிழிற் பேசாது. பி.எச்.பி. வழியில் இக்கோப்பு கெற்றெக்ஸ்ற் என்னும் முறைப்படி அமைவது. வெப்டூபையில் அது பைதன் அகராதியாக அமைவது. ஒரு வடிவத்தை மற்றதாக மாற்றுதல் பெரிய காரியமன்று. சிறு நிரல் ஒன்று செய்துவிடும். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இரு முறையிலும் தமிழ்த் தொடருக்குத் திறவுகோல் ஆங்கிலத் தொடரே. புதிய கிளையினர் திரையைத் திருத்தி எழுதும்போது ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறினும், அதற்குரிய தமிழ் தன் திறவுகோலை இழந்து தனித்துவிடும். திரை மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பும். அடியிலிருந்து எழுதப்பட்ட ஏடனில் மாறியது ஒரு சொல் அன்று, திரைகள் யாவுமே. ஆகவே பழைய கிளையில் எந்தச் சிறு மொழிக்காக எவர் உழைத்திருப்பினும், புதிய கிளையில் அவ்வுழைப்பினைப் பெரும்பாலும் மீண்டும் தொடங்குதல் வேண்டும். ஆர்வலர் ஆயிரம் பேரை உடைய மொழிக்கு இது தொல்லை. நால்வரை உடைய மொழிக்கு இது முடிவு.

மொழியை விடவும் ஆழமான வேர் ஒன்று உண்டு. பதிவேட்டில் எவற்றைக் கேட்பது, இடத்தை எவ்வாறு குறிப்பது, பெயரை எவ்வாறு தேடுவது என்னும் அறிவு அது. அதனைக் காண இனிச் சப்பிரகமுவத் தோட்டங்களுக்குச் செல்வோம்.

தோட்டத்து மக்களின் வரலாற்றைப் பதிவேடுகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். பெரிய கங்காணியின் கணக்கில் ஒருவருடைய பெயர் கடனாக நின்றது. தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல வேண்டின், அக்கடன் தீர்க்கப்பட்டால் விடுவிக்கப்படுவர் எனக் குறிக்கும் துண்டு என்னும் சீட்டு வேண்டும். 1921இற் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, ஆளோடு கடனும் தோட்டம் மாறிற்று. எதையும் எடுத்துக்கொண்டு எவரும் போகலாம் என்னும் கட்டற்ற அனுமதிப்பத்திரத்துக்கு நேரெதிரான ஆவணம் ஒன்று உலகில் இருக்குமாயின் அது துண்டுதான் எனத் தோன்றுகின்றது. இன்னொரு பக்கம் செக்ரோல். காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் குறித்தால் அன்றைய நாட்பேர் உண்டு, குறியாவிடில் இல்லை.

அரசின் பதிவேடுகளோ இம்மக்களை வெளியே நிறுத்தின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒத்திவைத்தது. அவர்களையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரு குடும்பத்தின் பெயர்கள் இரு நாட்டுப் பட்டியல்களிற் சிதறிய காலம் அது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கியது. நிருவாகமும் நிலையாக இருந்ததன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏடுகள் கைமாறின. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அது திருத்தப்பட்டது 2018இலேதான். அதுவரை தோட்டத்துப் பாதையும் வடிகாலும் சபையின் கணக்கிற் சேரவில்லை. மண்சரிவுக்கு அஞ்சும் சரிவில் வடிகால் என்பது சிறு பொருளன்று.

இனி இயற்கையின் பக்கம். களுகங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கிய 1947ஆம் ஆண்டு வெள்ளத்தை முதியோர் நெடுங்காலம் பேசினர். 1989 ஜூனில் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளைப் பெருமழையும் மண்சரிவும் தாக்கின. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் மீண்டும் வெள்ளத்திலும் சரிவிலும் அகப்பட்டது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்காவிற் சாமசர மலை இறங்கி மூன்று கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டனர். அதே மழையில் புளத்கொகுபிட்டியப் பகுதியிலுள்ள களுபஹன தோட்டத்து லயங்களும் மண்ணுட் புதைந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது கேகாலையும் தப்பவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கி வருகின்றது. எந்தச் சரிவு அபாயமானது என்பதை வரைபடம் கூறும். அச்சரிவின் அடியிலுள்ள லயத்தில் இன்றிரவு யார் யார் உறங்குகின்றனர் என்பதை வரைபடம் கூறாது. காணாமற்போனோர் பதிவேடு தொடங்குமிடம் அதுவே.

முதலிற் பெயரை எடுத்துக்கொள்வோம். சஹானாவின் காணாமற்போனோர் பதிவேடு, எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களைத் தேடித்தரும் வசதியை உடையது. இத்தகைய தேடல்களுக்கு மூதாதையாகிய சவுண்டெக்ஸ் என்னும் முறை, 1918இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அவ்வாறே வைத்து, பின்வரும் மெய்களுக்கு எண் இடுவது அதன் இயல்பு. ஆங்கிலேயர் பெயர்களுக்கு அது பொருந்தும். அழகு என்னும் பெயரை எடுத்துக்கொள்க. தோட்டத்துப் பிறப்பத்திரத்தில் ஓர் எழுதுவினைஞர் உரோம எழுத்தில் லகரமாக எழுதியிருப்பார். பாடசாலையில் ஆசிரியர் ழகரத்துக்கென வழங்கும் இரட்டை எழுத்தால் எழுதியிருப்பார். முதலதற்கு அவ்விடத்தில் 4 என்னும் எண், அடுத்ததற்கு 2. இயந்திரத்துக்கு இவர்கள் இருவர். செல்லம்மா என்னும் பெயரோ இன்னும் மோசம். சகரத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் மற்றவர் வேறோர் எழுத்தாலும் தொடங்கினால், முதல் எழுத்தே மாறிவிடுதலின் அவ்விரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. முகாமில் இருக்கும் செல்லம்மாவை அவர் மகள் தேடுகின்றாள். பதிவேடு இல்லை என்கின்றது. நிவாரணப் பட்டியலிற் சிங்களத்தில் எழுதப்பட்ட பெயரை உரோம எழுத்துக்கு மாற்றும்போது மூன்றாவது வடிவமும் பிறக்கும். இதற்கு மருந்து அரிதன்று. தமிழ் எழுத்திலேயே பெயரைப் பதிந்து, லகர ழகர ளகரங்களை ஒன்றெனக் கொண்டு தேடுமாறு விதி எழுதினால் போதும். ஆனால் அவ்விதியைத் தமிழறிந்த ஒருவரே எழுத முடியும்; கிளை மாறும்போதெல்லாம் அவரே மீண்டும் எழுதவும் வேண்டும்.

அடுத்தது இடம். ஏடனில் இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நாட்டின் கீழ் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என எமது நாட்டுக்கு அது அமையும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாய் மாத்திரமே உண்டு. கிராமத்துக்கு இது நன்று. தோட்டமோ தனக்கென வேறோர் அடுக்கு உடையது. தோட்டம், டிவிசன், லயம், காம்பரா என்பன அவ்வடுக்கின் படிகள். ஒரு தோட்டத்தின் இரு டிவிசன்கள் இரு வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் விழுந்தால், தோட்டத்தை எதன்கீழ் வைப்பது? இதற்கும் மேலாக, தோட்டத்துக்குத் தாளில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. அயற்கிராமத்தார் வழங்கும் சிங்களப் பெயரும் இருக்கலாம். இராணுவத்தினர் ஒரு பெயரைக் கேட்டுச் செல்ல, உறவினர் வேறொரு பெயரைக் கூறி நிற்பர். காம்பரா இலக்கம் என ஒரு வெற்றிடம் பதிவுப் படிவத்தில் இருக்குமாயின், தோண்டுவோர்க்கு எங்கே தோண்டுவது என்பதாவது தெரியும்.

மூன்றாவது, நேரம். இதனை மென்பொருள் எழுதுவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பகல் பத்து மணிக்கு மலை சரிந்தால் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் இருப்பர். பால்வெட்டுவோர் இறப்பர்க் காட்டில் இருப்பர். கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவில் இருப்பர். முதியோரும் நோயாளரும் மட்டுமே லயத்தில் இருப்பர். இரவெனின் எல்லோரும் லயத்தில். ஆகவே ஒரு லயத்துக்கு ஒரு பட்டியல் போதாது. பகற்பட்டியலின் முக்காற்பங்கு செக்ரோலிலும் பிள்ளைக்காம்பராப் பதிவேட்டிலும் ஏற்கனவே நாள்தோறும் எழுதப்படுகின்றது. அவற்றை அனர்த்தப் பதிவேட்டோடு இணைக்கும் கூறு ஒன்றை எழுதுதல் அகஸ்தியிலும் இயலும், ஏடனிலும் இயலும்.

எக்கிளை எமக்கு ஏற்றது என வினவின், பணி தொடர்ந்த கிளை என்னும் காரணத்தால் ஏடனையே கூறுவோம். படிவங்களையும் இட அடுக்குகளையும் நிரலைத் தொடாமலே மாற்றியமைக்க அது பெரிதும் இடந்தருவது. ஆயினும் இப்போட்டியில் வென்றது எது என்னும் கேள்வி இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் இரண்டாந்தரமானது. நியூயோர்க் மாநகருக்கு மாயோன் வேண்டியிருந்தது. அந்நகரிடம் பணமும் அலுவலகமும் ஆண்டுதோறும் திருத்துவோரும் இருந்தமையால் அதற்கு ஒரு கிளை கிடைத்தது. தேவை உடைய ஒவ்வொருவரும் கிளைக்கலாம் என்பது உரிமை. கிளைப்பதற்கு ஆளும் நேரமும் உடையோரே கிளைத்தனர் என்பது வரலாறு. கொழும்பிற் பிறந்த இம்மென்பொருளுக்குத் தோட்டக் கிளை ஒன்று இதுவரை உருவாகவில்லை. அதற்குத் தேவையான மூலநிரல் இருபது ஆண்டுகளாக இலவசமாகவே கிடைக்கின்றது. கணினி கற்ற தோட்டத்துப் பிள்ளைகள் இன்று எம் பல்கலைக்கழகங்களில் உளர். சப்பிரகமுவப் பல்கலைக்கழகமே பெலிஹுல்லோயாவில், இம்மலைகளுக்கிடையில் உள்ளது. ஓர் இறுதியாண்டு ஆய்வுப் பணியின் அளவிலேயே ஒரு தோட்டத்துக்குரிய படிவத்தையும் பெயர்த்தேடல் விதியையும் முடித்துவிடலாம். அதன்பின் ஆண்டுதோறும் அதனைப் பேணுவது யார் என்பதில் தோட்ட நிருவாகம், பிரதேச செயலகம், தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நோக்கும் நிலை முற்கூட்டியே தெரிகின்றது.

பதிவேட்டை அமைப்போர் எதிர்நோக்கவேண்டிய ஒரு கூட்டத்தார் இன்னும் உளர். கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைபார்க்கும் தோட்டத்து இளைஞர் செக்ரோலில் இல்லை. கொழும்பில் அவர்கள் தங்கும் இடத்து வாக்காளர் இடாப்பிலும் பெரும்பாலும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து, நான்கு இரவு தாயின் காம்பராவில் உறங்கிச் செல்கின்றனர். தீபாவளி வருவது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில். மலைச்சரிவுகள் மழையில் ஊறி நிற்கும் காலம் அது. அந்த நான்கு இரவுகளில் அவர்களுடைய பெயரை எழுதிக்கொள்ள, லயத்து வாசலில் ஒரு தாளும் பென்சிலும் இப்போதைக்குப் போதும்.